அரபு விருந்து வைக்கப் போறீங்களா? ஒட்டகத்துக்கு முன்னாடி ஒரு சஹன் வாங்குங்க!

கல்யாண ரிசப்ஷனோ, அறுபதாம் கல்யாணமோ, கம்பெனி ஆண்டு விழாவோ... விருந்து என்றாலே இப்போது 'என்ன தீம்?' என்றுதான் முதல் கேள்வி வருகிறது. அதில் பலரும் ஆசைப்படும் ஒன்று, 'அரேபியன் நைட்'. தங்க நிறத் திரைச்சீலை, பிளாஸ்டிக் ஈச்சமரம், வாசலில் ஒட்டகம், மேடையில் பெல்லி டான்ஸ். பார்க்க ஜோராகத்தான் இருக்கும்.

ஆனால், வளைகுடாவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்த உறவினர் ஒருவர் அந்த விருந்துக்கு வந்தால் சிரித்துவிடுவார். பெல்லி டான்ஸின் வேர் எகிப்துப் பக்கம். அரேபியக் குடும்ப விருந்தின் மரபில் அதற்கு இடமில்லை. அங்கே ஆடம்பரம் என்பது மேடையில் இல்லை. வந்தவரை எப்படி உட்கார வைக்கிறோம், எப்படிப் பரிமாறுகிறோம் என்பதில் இருக்கிறது.

கோவில்பட்டிக்காரர்கள் இதைக் கற்றுக்கொள்ள துபாய்க்கு ஃபிளைட் ஏற வேண்டாம். அதே தூத்துக்குடி மாவட்டத்தின் கடற்கரையிலேயே பாடம் இருக்கிறது. ஊர் பெயர், காயல்பட்டினம்.

ஒரே தட்டு, ஒரே வரிசை

13-ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, தாமிரபரணி முகத்துவாரத்தில் இருந்த காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து கப்பல்கள் வந்தன. அவற்றில் வந்த முக்கியமான சரக்கு, குதிரை. அந்த வணிக உறவின் தொடர்ச்சியாக இந்தக் கடற்கரை முஸ்லிம்களின் பேச்சிலும் எழுத்திலும் சமையலிலும் அரபு கலந்தது. தமிழை அரபு எழுத்தில் எழுதிய 'அரபுத்தமிழ்' அப்படி வளர்ந்ததுதான்.

காயல்பட்டினம், கீழக்கரை ஊர்களின் கல்யாண வீடுகளில் இன்றும் 'சஹன் சாப்பாடு' உண்டு. சஹன் என்றால் அரபியில் தட்டு. ஒரு பெரிய தட்டில் நெய்ச்சோறும் கறியும் வரும். சிலர் சுற்றி உட்கார்ந்து அதே தட்டில் சாப்பிடுவார்கள். காயல்பட்டினத்தில் கறியோடு கத்தரிக்காய் மாங்காயும் சேர்ந்தால் அது 'களறிச் சாப்பாடு'.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஒரே தட்டில் கை வைக்கும்போது பக்கத்தில் இருப்பவர் முதலாளியா, கடைப் பையனா என்ற பேச்சு எழாது. வி.ஐ.பி டைனிங், சாதா டைனிங் என்று இரண்டு பந்தல் போடுகிற நம் ரிசப்ஷன்கள் இழந்துவிட்டது இதைத்தான். அரபு விருந்திலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதென்றால், அது இதுவாக இருக்கட்டும்.

மேடையை எடுங்க, மஜ்லிஸ் போடுங்க

அரபு வீடுகளில் விருந்தினரை வரவேற்கும் இடம் 'மஜ்லிஸ்'. தரையில் கம்பளம், சுவரோரமாகச் சுற்றிலும் தாழ்வான திண்டு மெத்தைகள். எல்லோரும் எல்லோர் முகத்தையும் பார்த்துப் பேசலாம். 2015-ல் யுனெஸ்கோ இந்த மஜ்லிஸ் மரபை மனிதகுலத்தின் கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அப்படியென்றால் டெக்கரேஷன்காரரிடம் என்ன சொல்ல வேண்டும்? உயரமான மேடை வேண்டாம். சதுரமாக அல்லது 'ப' வடிவத்தில் திண்டு போடச் சொல்லுங்கள். பெதூயின் மக்களின் 'சது' நெசவில் சிவப்பும் கறுப்பும் வெள்ளையும்தான் அதிகம். தங்க ஜிகினாவைவிட இந்த மூன்று நிறமும் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். முட்டி வலிக்காரப் பெரியவர்களுக்கு அதே வரிசையில் நாற்காலி போட்டுவிடுங்கள். தனியே ஓரமாக அல்ல.

வெட்டவெளியில் கூடாரம் போட ஆசையா? கரிசல் மண்ணின் குணம் உங்களுக்கே தெரியும். ஒரு மழை பெய்தால் செருப்பைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்த்துவிடுங்கள். மற்ற மாதங்களிலும் பலகைத் தளம் போட்டு, அதன்மேல் கம்பளம் விரியுங்கள். துணிக் கூடாரத்துக்குள் மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம். காற்று வீசும் ஊரில் பேட்டரி விளக்கு வைத்த லாந்தர்களே போதும்.

வாசனைக்கு அகிலும் குந்திரிக்கமும். இரண்டும் நம் ஊருக்குப் புதிதல்ல. ஓமன் நாட்டுக் குந்திரிக்கம் உலகப் புகழ் பெற்றது. வாசலில் பன்னீர் தெளிப்பது அவர்களுக்கும் வழக்கம், நமக்கும் வழக்கம்.

காபியில் இருக்கு மரியாதை

விருந்தின் உயிர், 'கஹ்வா'. லேசாக வறுத்த காபிக்கொட்டையில் ஏலக்காய் சேர்த்துக் காய்ச்சும் காபி. பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. கூடவே பேரீச்சம்பழம் வரும். இதையும் 2015-லேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். கொடையின் அடையாளம் என்பதற்காக.

இதற்கு ஒரு முறை உண்டு. நீண்ட மூக்குள்ள 'தல்லா' கெண்டியை இடது கையில் பிடித்து, கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பையை வலது கையால் நீட்ட வேண்டும். முக்கிய விருந்தினருக்கோ வயதில் மூத்தவருக்கோதான் முதல் கோப்பை. கால் கோப்பை அளவுக்கே ஊற்றுவார்கள். தளும்பத் தளும்ப ஊற்றினால் மரியாதைக் குறைவு. ஒரு கோப்பையாவது குடிக்க வேண்டும், மூன்றுக்கு மேல் போகக் கூடாது. போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டினால் போதும்.

கேட்டரிங் பையன்கள் இரண்டு பேருக்கு முந்தைய நாளே இதைப் பழக்கிவிடுங்கள். ஒட்டக வாடகையைவிட இதற்குச் செலவு மிகக் குறைவு. ஆனால், விருந்தினர் வீட்டுக்குப் போய்ச் சொல்லப்போவது இதைத்தான்.

கரிசல் கை மணமும் சேரட்டும்

ஏமன் நாட்டு 'மந்தி'யில், குழி அடுப்புக்குள் சோற்றுக்கு மேலே இறைச்சி வேகும். அதன் நெய்யும் சாறும் சோற்றில் சொட்டும். மசாலா குறைவு என்பதால் ஆட்டின் ருசிதான் பேசும். இளம் ஆட்டுக்கறியாகப் பார்த்து வாங்குங்கள். இந்தப் பக்கத்திலேயே வேம்பூர் ஆடு என்ற நாட்டு இனம் இருக்கிறது. அரபு முறை என்று சொல்லிவிட்டால் இறைச்சி ஹலாலாக இருக்க வேண்டும், மது கூடாது. சைவ விருந்தினருக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, தனி சஹன்.

கடைசியில் பேரீச்சம்பழத் தட்டிலேயே கோவில்பட்டி கடலைமிட்டாயையும் அடுக்குங்கள். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய், கசக்கும் கஹ்வாவுக்குக் கச்சிதமான ஜோடி. திருநெல்வேலி அல்வாவும் வைக்கலாம். அந்த 'அல்வா' என்ற சொல்லே அரபியிலிருந்து வந்ததுதானே!

இதை மட்டும் செய்யாதீங்க

'அரபி எழுத்து அழகா இருக்கே' என்று நெட்டில் கிடைத்ததை எடுத்து மேஜை விரிப்பிலும் டிஷ்யூ பேப்பரிலும் அச்சடித்துவிடாதீர்கள். அது இறைவசனமாக இருக்கலாம். மிதிபடும் கம்பளத்தில், கை துடைக்கும் காகிதத்தில் அதைப் பார்த்தால் உங்கள் விருந்தினர் ஒருவர் மனம் நொந்து எழுந்து போவார். அரபி தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். பரிமாறுகிறவர்களுக்கு 'ஷேக்' வேஷம் போட்டு ஆட வைப்பதும் வேண்டாம். அது ஒருவருடைய அன்றாட உடை.

பட்ஜெட் போடும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பணம் போட்டோவுக்குப் போகிறதா, வந்தவர் வயிற்றுக்கும் மனசுக்கும் போகிறதா? ஜெனரேட்டர் ஓட்டுகிறவரும், கார் டிரைவரும், பாத்திரம் கழுவுகிற அக்காவும் அதே நெய்ச்சோற்றை அதே திண்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்றால், ஒட்டகம் வராவிட்டாலும் அது அரபு விருந்துதான்!