பழைய குடிநீர்க் கட்டண நிலுவை: கடன் யாருடையது?

நிதியாண்டு முடியும் மார்ச் மாதம் நெருங்கும்போதெல்லாம் உள்ளாட்சி அமைப்புகளின் வசூல் வேகம் கூடுகிறது. ஆறு ஆண்டு, எட்டு ஆண்டு எனத் தேங்கிய குடிநீர்க் கட்டணம் ஒரே சீட்டில் எழுதப்பட்டு வீட்டு வாசலில் நீட்டப்படுகிறது. கட்டத் தவறினால் இணைப்பு துண்டிக்கப்படும் என்ற எச்சரிக்கையும் உடன் வருகிறது. கூலி வேலையை நம்பி வாழும் குடும்பத்துக்கு அத்தொகை பல நாள் உழைப்பு. 'பாக்கி வைத்தவர்கள் கட்டத்தானே வேண்டும்' என்ற பொதுப்புத்தி அத்துடன் விவாதத்தை முடித்துவிடுகிறது. அதற்கு முன்னால் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கடன் உண்மையில் யாருடையது?

கட்டணமே கூடாது என்பது நம் வாதமன்று. நீரேற்றவும் குழாய்களைப் பராமரிக்கவும் பணம் தேவை. ஆனால் ஆண்டுக்கணக்கில் கேட்புச் சீட்டு தராத நிர்வாகத்தின் மெத்தனம், பின்னொரு நாளில் ஏழையின் குற்றமாக மாற்றப்படுவதை நாம் ஏற்க முடியாது.

மின்சாரத்துக்கு இருக்கும் வரம்பு

மின்சாரத்தோடு ஒப்பிட்டால் இந்த அநீதி துலங்கும். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56(2) பிரிவின்படி, ஒரு தொகை முதன்முதலில் செலுத்த வேண்டியதான நாளிலிருந்து ஈராண்டுகள் கடந்துவிட்டால், அது தொடர்ந்து நிலுவையாகக் காட்டப்பட்டு வந்தாலொழிய, அதற்காக இணைப்பைத் துண்டிக்க இயலாது. 2020-இல் ரஹமத்துல்லா கான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது: நிறுவனத்தின் தவற்றால் விடுபட்ட தொகையைப் பின்னர் கோரலாம், ஆனால் ஈராண்டு கடந்த பின் துண்டிப்பை ஆயுதமாக ஏந்த முடியாது.

குடிநீர் மாநிலப் பட்டியலில் உள்ளது. கட்டணமும் வசூலும் அந்தந்த உள்ளாட்சிச் சட்டங்களையும் விதிகளையும் பொறுத்தவை. மின்சாரத்துக்கு உள்ளதுபோன்ற ஈராண்டு வரம்பைக் குடிநீருக்கு வகுக்கும் நாடு தழுவிய சட்டம் இல்லை. பணம் கோரும் வழக்குகளுக்கு 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் பொதுவாக மூன்றாண்டு எல்லை விதிக்கிறது. எனினும் காலவரம்பு வழக்கின் வழியை அடைக்கிறதேயன்றிக் கடனை அழிப்பதில்லை. நீதிமன்றம் செல்லாமலேயே குழாயை அடைக்க முடிந்த நிர்வாகத்துக்கு அந்த எல்லை பெரிய தடையாகவும் இருப்பதில்லை. விளக்கில்லாமல் ஓரிரவு கழிக்கலாம். தண்ணீரில்லாமல் ஒரு பகல் கழியாது. இருந்தும் விளக்குக்குக் கிடைத்த பாதுகாப்பு தண்ணீருக்குக் கிடைக்கவில்லை.

வீட்டோடு ஒட்டும் கடன்

ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் பல வீடுகளின் பட்டா இன்னும் பாட்டன் பெயரிலோ தந்தை பெயரிலோ இருக்கிறது. தொகுப்பு வீடுகள் கைமாறினாலும் ஆவணங்கள் மாறுவதில்லை. நகரங்களில் உரிமையாளர் வைத்த பாக்கிக்காகக் குடக்கூலிக்காரரின் குழாய் அடைக்கப்படுகிறது. இறந்தவர் பெயரில் வரும் சீட்டு இருப்பவரின் கடனாகிவிடுகிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 50-ஆம் பிரிவோ, இறந்தவருக்கு எதிரான தீர்ப்பை நிறைவேற்றும்போதுகூட, வாரிசின் பொறுப்பை அவர் கைக்கு வந்த சொத்தின் அளவோடு நிறுத்துகிறது.

முந்தைய உரிமையாளரின் மின்கட்டண நிலுவை குறித்து உச்ச நீதிமன்றம் 2023 மே 19-இல் கே.சி. நைனான் வழக்கில் தீர்ப்பளித்தது. சட்டத்தில் வெளிப்படையான ஏற்பாடு இல்லையேல் அந்த நிலுவை சொத்தின் மீதான வில்லங்கமாகாது என்றது. ஆனால் விதிமுறைகள் இடமளித்தால், புதிதாக இணைப்பு கேட்பவர் பழைய பாக்கியைக் கட்ட வேண்டும் என நிபந்தனை விதிக்கலாம் என்றும் கூறியது.

நிறவெறி ஆட்சியின் எச்சங்களைச் சுமக்கும் தென்னாப்பிரிக்காவில் இதே கேள்விக்கு வேறு விடை கிடைத்தது. ஜோர்டான் எதிர் ட்ஷ்வானே மாநகராட்சி வழக்கில் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 29-இல், முந்தைய உரிமையாளர் வைத்த நகராட்சிக் கடன் சொத்து கைமாறிய பின் புதியவரைத் தொடராது எனத் தீர்ப்பளித்தது. பழைய கடனை உரியவரிடம் உரிய காலத்தில் வசூலிப்பது நகராட்சியின் கடமை என்பதே அதன் உட்பொருள்.

அங்கும் நீதிமன்றம் எல்லா வேளையிலும் துணைநின்றதில்லை. சொவேட்டோவின் பிரி பகுதியில் மீட்டர் கணக்கின்றி, ஒவ்வொரு வீடும் மாதம் 20,000 லிட்டர் பயன்படுத்துவதாக அனுமானித்து ஒரே தொகை விதிக்கப்பட்டது. பின்னர் முன்பணம் செலுத்தினால் மட்டுமே இலவச அளவுக்கு மேல் நீர் தரும் மீட்டர்கள் வந்தன. அம்மக்கள் தொடுத்த மசிபுகோ வழக்கு 2009-இல் அதே நீதிமன்றத்தில் தோற்றது. நம் ஊர்களிலும் மீட்டரில்லா இணைப்புகளுக்கு ஒரே தொகைதான். குழாயில் நீர் வராத நாள்களுக்கு அதில் கழிவு இல்லை.

வேட்புமனுவை மறிக்கும் பாக்கி

1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி, முறைப்படி அறிவிப்பு வழங்கப்பட்டு, அதில் குறித்த கெடு கடந்தும் ஊராட்சிக்கான நிலுவையைச் செலுத்தாதவர் தேர்தலில் போட்டியிடும் தகுதியை இழக்கிறார். நிலுவையின்மைச் சான்றுக்காக வேட்பாளர்கள் அலைவது நாம் அறிந்ததே. தனி ஊராட்சியில் தலைவராக வென்றதற்காக முருகேசனும் தோழர்களும் 1997-இல் மேலவளவில் கொல்லப்பட்டனர். அத்தகைய விலை கொடுத்துப் பெற்ற உரிமையை, எவரோ எழுதிய பழைய பாக்கிக் கணக்கு பறித்துவிடக் கூடும். 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. தேர்தல் அறிவிப்புக்குப் பின் விழித்துக்கொள்வதைவிட, கணக்கை முன்கூட்டியே சரிபார்ப்பது நல்லது.

நாம் கேட்க வேண்டியவை

நிலுவைச் சீட்டு கைக்கு வந்ததும் நான்கு கேள்விகளை எழுத்தில் கேட்போம். எந்தெந்த ஆண்டுக்கு எவ்வளவு? ஒவ்வோர் ஆண்டும் கேட்புச் சீட்டு எவரிடம், எந்த நாளில் வழங்கப்பட்டது? அக்காலத்தில் அவ்வீட்டில் குடியிருந்தவர் யார்? அந்த நாள்களில் குடிக்கத்தக்க நீர் வந்ததா? 2022 டிசம்பரில் வேங்கைவயலின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதைக் கண்ட மாநிலத்தில், நீரின் தரமும் கட்டணக் கேள்வியே. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேட்டின் நகலைப் பெறலாம். பதில் வரும்வரை, நிகழாண்டுக் கட்டணத்தை மட்டும் செலுத்தி ரசீதைப் பத்திரப்படுத்துவது பயன் தரும். சட்டம் பயிலும் மாணவர்கள் ஒவ்வொரு குடியிருப்பிலும் இம்மனுக்களை எழுதித் தரலாம்.

மாநில அரசிடம் நம் கோரிக்கை தெளிவானது. வீட்டுக் குடிநீர்க் கட்டணத்துக்கு ஈராண்டு வரம்பு வேண்டும். பழைய நிலுவைக்காகக் குடிநீரைத் துண்டிக்கக் கூடாது. நீர் வழங்காத காலத்துக்குக் கட்டணம் தள்ளுபடி செய்யப்பட வேண்டும். முன்னவர் கடன் பின்னவரைத் தொடரக் கூடாது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளில் கிராம சபை கூடுகிறது. வசூல் நெருக்கடி உச்சத்தில் இருக்கும் அதே மாதத்தில், அந்தச் சபையிலேயே இக்கோரிக்கைகளைத் தீர்மானமாகப் பதிவு செய்வோம்.