மண் வீடு கட்ட ஆசையா? முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க!

ரீல்ஸைத் திறந்தாலே மண் வீடுதான். செம்மண் பூச்சு, ஆத்தங்குடி டைல்ஸ், ஓட்டுக் கூரை, முற்றத்தில் மழை... கூடவே, 'சிமென்ட் வீட்டில் பாதிச் செலவுதான்' என்று ஒரு வரி. வாடகை கட்டி அலுத்தவர்களுக்கு ஆசை வராமல் இருக்குமா? ஆனால், மொத்தச் சேமிப்பையும் போடப்போகிறீர்கள். அந்த 'பாதிச் செலவு' உண்மைதானா?

பொருள் குறையும்... கூலி?

தாத்தா காலத்து மண் வீடு மலிவாக முடிந்ததற்குக் காரணம் உண்டு. மண் காலடியில் கிடைத்தது. வேலையை வீட்டாரும் ஊராரும் சேர்ந்து செய்தார்கள். இன்று மண்ணைச் சலிக்க, குழைக்க, சுவர் எழுப்ப எல்லாவற்றுக்கும் நாள் கூலி. வேலை தெரிந்த மேஸ்திரி வெளியூரிலிருந்து வந்தால் தங்கும் செலவும் சேரும்.

தவிர, சுவர் என்பது வீட்டுச் செலவில் ஒரு பகுதிதான். அஸ்திவாரம், கூரை, கதவு, வயரிங், பிளம்பிங் எல்லாம் மண் வீட்டுக்கும் வேண்டும்.

எதில் மிச்சம் பிடிக்கலாம்?

* அழுத்திய மண் கல்: மண்ணோடு சுமார் 5% சிமென்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி எடுக்கும் கல். சூளையும் விறகும் தேவையில்லை. ஆனால், 4 வாரம் ஈரம் காயாமல் பதப்படுத்த வேண்டும். ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட்டில் இதற்குப் பயிற்சியே தருகிறார்கள்.

* ராட் ட்ராப் பாண்ட்: செங்கலைப் படுக்க வைக்காமல், பக்கவாட்டில் நிமிர்த்தி அடுக்கும் முறை. சுவருக்குள் இடைவெளி விழுவதால் சுமார் 25% செங்கல் மிச்சம்; வெயிலும் சட்டென்று உள்ளே இறங்காது. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய முறை இது. மண் கிடைக்காத ஊரில் இதுவே போதும்.

* ஃபில்லர் ஸ்லாப்: கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில், கம்பிகளுக்கு நடுவே ஓடுகளைப் பதிப்பது. கான்கிரீட் குறையும். இன்ஜினீயர் கணக்குப் போட்டுத் தராமல் இதில் இறங்காதீர்கள்.

உங்கள் மண் எப்படி?

மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, ஓரடிக்குக் கீழே உள்ள மண்ணை எடுங்கள். கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர். நன்றாகக் குலுக்கி, ஒரு நாள் ஆடாமல் வையுங்கள். அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களிமண் என்று படியும். அழுத்திய கல்லுக்கு மணல் பாதியும், களிமண் ஐந்தில் ஒரு பங்கும் இருந்தால் நல்லது. களி அதிகமென்றால் சிமென்ட்டைவிடச் சுண்ணாம்பு கைகொடுக்கும். இது முதல் சோதனைதான். பணம் போடும் முன் ஆய்வகத்திலும் கொடுத்துப் பாருங்கள்.

மழைதான் பரீட்சை

மண் சுவருக்கு எதிரி தண்ணீர். தரையிலிருந்து ஒன்றரை அடியாவது கல் அடித்தளம் வேண்டும். கூரை, சுவரைத் தாண்டி 2 அடி நீள வேண்டும். கரையான் தடுப்பு கட்டாயம். பூச்சை அவ்வப்போது சரிபார்க்கும் செலவையும் பட்ஜெட்டில் எழுதுங்கள். வங்கிக் கடன் வாங்குவதானால், மண் சுவருக்குக் கொடுப்பார்களா என்று பிளான் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கட்டித்தருபவரிடம் போட்டோ கேட்காதீர்கள். அவர் கட்டி, பத்து மழைக்காலம் பார்த்த வீடு எங்கே என்று கேளுங்கள். நேரில் போய், அங்கே குடியிருப்பவர்களிடம் பேசிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்!