படி அளப்பது யாருக்கு?

கினி-பிசாவ் மேற்கு ஆப்பிரிக்காவின் கடலோரத்தில் உள்ள சின்னஞ்சிறு நாடு. பரம ஏழை நாடு. 2004 அக்டோபர் 6ந் தேதி அந்நாட்டுத் தலைநகரில் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். ராணுவத் தலைமைத் தளபதி ஜெனரல் வெரிசிமோ கொரேயா சேப்ரா கொல்லப்பட்டார். கலகக்காரர்கள் சொன்ன குறை என்ன? லைபீரியாவுக்கு ஐ.நா. அமைதிப் படையாகப் போய் வந்தோம். அதற்குரிய பணம் எங்கள் கைக்கு வந்து சேரவில்லை என்றார்கள்.

கொலையை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அயல்நாட்டுப் பணிப்படி என்பது ஏதோ கணக்குப்பிள்ளைகள் பார்த்துக்கொள்ளும் சில்லறை விவகாரம் என்று எண்ணுகிறவர்கள், அந்த அக்டோபரைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பணம் எப்படிப் போகிறது? ஐ.நா. பார்வையாளராகவோ தலைமையக அலுவலராகவோ தனித்தனியே அனுப்பப்படும் அதிகாரிக்கு, ஐ.நா.வே பிழைப்புப் படியை நேராகக் கொடுக்கிறது. நாளொன்றுக்கு நூறு டாலரைத் தாண்டும் இடங்களும் உண்டு. பட்டாளத்தோடு போகும் சிப்பாயின் கதை வேறு. ஐ.நா. அவன் கையில் நேராகத் தரும் தினப்படி, பல ஆண்டுகளாக 1.28 டாலர்! நம்மூர்க் கணக்கில் டீயும் பன்னும் வாங்கலாம். மற்றதெல்லாம் அவனுடைய சர்க்காருக்குப் போகிறது. ஆளுக்கு மாதம் 1,028 டாலர் என்று 2002லிருந்து அசையாமல் கிடந்த விகிதம் 2014ல் 1,332 ஆயிற்று; 2018ல் 1,428; 2022ல் 1,448.

இதில் ஒரு வேடிக்கை. கர்னலானாலும் கடைசிச் சிப்பாயானாலும் ஐ.நா.வின் ஏட்டில் தலைக்கு ஒரே தொகைதான். உயர்வு தாழ்வு முளைப்பது ஊர் வந்து சேர்ந்த பிறகு! பணக்கார நாட்டுக்கு இந்தத் தொகை, அது தன் சிப்பாய்க்குக் கொடுக்கும் சம்பளத்துக்கே காணாது. ஏழை நாட்டுக்கோ சம்பளம் போக மிச்சம் நிற்கிறது. அந்த மிச்சத்தில் சிப்பாய்க்கு எவ்வளவு, அதிகாரிக்கு எவ்வளவு, கஜானாவுக்கு எவ்வளவு என்பதை அந்தந்த சர்க்காரே தீர்மானிக்கிறது. கம்பெனி ஆள் கணக்குக்குப் பணம் கட்ட, கூலியை மேஸ்திரி பங்கு போடுவதைப் பார்த்த தொழிலாளத் தோழருக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

பங்களாதேஷைப் பாருங்கள். 1988ல் ஈரான்-ஈராக் எல்லைக்கு 15 அதிகாரிகளை அனுப்பித் தொடங்கிய நாடு, பின்னர் அமைதிப் படைக்கு மிக அதிகமான ஆட்களை அனுப்பும் நாடுகளில் ஒன்றாயிற்று. குடும்பம் நிமிர வேண்டுமானால் ஒருமுறை மிஷன் போய் வர வேண்டும் என்ற நிலை அங்கே. 2009 பிப்ரவரியில் டாக்காவில் எல்லைக் காவல் படையினர், தங்களுக்கு மேலே ராணுவத்திலிருந்து வந்து அமர்ந்த அதிகாரிகளைக் கொன்று குவித்தார்கள். மாண்டவர் 74 பேர். அவர்களில் 57 பேர் ராணுவ அதிகாரிகள். கொடூரமான செயல்; மன்னிக்க முடியாதது. அவர்கள் அடுக்கிய குறைகளில், ஐ.நா. பணிக்குப் போகும் வாய்ப்பு எங்களுக்கு இல்லையே என்பதும் ஒன்று.

அதிகாரிக்குக் கொடுப்பதை நாம் குறை சொல்லவில்லை. கையில் ஆயுதமின்றி இரு படைகளுக்கு நடுவே நிற்கும் பார்வையாளரின் உயிரும் உயிர்தான். 1948லிருந்து ஐ.நா. கொடியின் கீழ் மாண்டவர்கள் 4,400 பேருக்கு மேல். குண்டு வந்தபோது அது பதவி பார்க்கவில்லை. படி மட்டும் ஏன் பார்க்கிறது என்பதே நம் கேள்வி.

இப்போது பெரிய வீட்டார்கள் தங்கள் பங்கைக் கட்டாமல் இழுக்கிறார்கள். செலவில் கால் பங்குக்கு மேல் கொடுக்க வேண்டிய அமெரிக்காவே பெரிய பாக்கிக்காரன். பணமில்லையென்று 2025 அக்டோபரில், அமைதிப் படையினரில் ஏறத்தாழ கால்வாசிப் பேரைக் குறைக்கப் போவதாக ஐ.நா. அறிவித்தது. வல்லரசு பாக்கி வைத்தால் ஐ.நா. ஏழை நாட்டுக்குப் பாக்கி வைக்கிறது. ஏழை நாடு யாருக்குப் பாக்கி வைக்கும்?

ஆளனுப்பும் சர்க்கார்கள் ஒன்று செய்யட்டும். ஐ.நா. தந்தது இவ்வளவு, பிடித்தது இவ்வளவு, எதற்காகப் பிடித்தோம் என்று ஒவ்வொரு சிப்பாயின் சம்பளச் சீட்டிலும் அவன் படிக்கும் மொழியில் எழுதிக் கொடுக்கட்டும்.