பழைய காருக்குப் புதிய டயர்

1961-ம் வருஷம் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில், இங்கிலாந்து ஜாகுவார் கம்பெனியார் 'ஈ-டைப்' என்னும் ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டார்கள். அதை இன்றும் கண்ணுங் கருத்துமாய்ப் பேணி வருகிறவர்கள் உண்டு. விளக்கு முதல் கைப்பிடி வரையில் எல்லாம் அன்றிருந்தபடியே இருக்கவேண்டும் என்பது அவர்களுடைய விரதம். விரதத்தில் நமக்கு ஆட்சேபமில்லை. டயர் விஷயத்தில் மட்டும் சற்று யோசிக்க வேண்டும்.

வண்டி ஓடாமல் கொட்டகையில் நின்றாலும் ரப்பருக்கு மூப்பு வந்து விடுகிறது. காற்றிலுள்ள பிராணவாயுவும் ஓஸோனும் அதை இறுகச் செய்து, வெடிப்பு விழச் செய்கின்றன. மேலே வரிகள் தேயாமல் இருக்கும். உள்ளே பலம் போயிருக்கும். அதை நம்பி விரைந்தால், ஓட்டுகிறவர் உயிரோடு எதிரே வருகிறவர் உயிருக்கும் ஆபத்து.

அப்படியானால் இந்நாளைய அகன்ற, குட்டையான டயரைப் பூட்டிவிடலாமே என்பீர்கள். அதுவும் சரியல்ல. அந்த வண்டியின் ஸ்பிரிங்கும் ஸ்டீரிங்கும் ஒடுங்கிய, உயர்ந்த டயருக்கென்றே அமைந்தவை. அகன்ற டயரால் ஸ்டீரிங் கனக்கும். வண்டியின் நடையே மாறிவிடும்.

ஆகையால்தான் பிரெல்லி, மிஷெலின் போன்ற கம்பெனிகள் பழைய அளவையும் வரிக்கோலத்தையும் விடாமல், இக்காலத்து ரப்பர்க் கலவையில் டயர் செய்து தருகின்றன. வாங்குகிறவர்கள் டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்களைக் கவனிக்கட்டும். '2319' என்றால், 2019-ம் வருஷம் 23-வது வாரத்தில் செய்தது என்று பொருள்.

தோற்றத்தில் பழமை போற்றத்தக்கதே. தரையைத் தொடும் ரப்பரில் மட்டும் அது வேண்டாம் என்பது நமது அபிப்பிராயம்.