மாத்திரை நம்மூர்ல... மூலப்பொருள் எங்கிருந்து?

"உலகத்துக்கே மருந்துக்கடை இந்தியா"ன்னு பெருமையா பேசுறோம். தப்பில்ல. ஆனா அந்த மாத்திரைக்கான மூலப்பொருள்ல பெரும்பகுதி சீனாவிலிருந்துதான் வருது.

2020 மார்ச் ஞாபகம் இருக்கா? சீன ஆலைகள் முடங்கினதும், பாராசிட்டமால் உட்பட 26 மருந்து, மூலப்பொருட்களோட ஏற்றுமதிக்கு ஒன்றிய அரசு கட்டுப்பாடு போட்டுச்சு. "ஸ்டாக் வைக்காதே, தேவைப்படும்போது வாங்கு, அதுதான் திறமை"ன்னு இன்ஜினியரிங்ல எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. கார் உதிரிபாகத்துக்குச் சரி. காய்ச்சல் மாத்திரைக்குமா?

1954-லேயே புனே பக்கம் பிம்ப்ரியில் பென்சிலினுக்காக அரசு நிறுவனம் தொடங்குன நாடு இது. பிறகு சீன விலையோடு மோத முடியாம, பென்சிலின் ஜி உற்பத்தியே இங்க நின்னுபோச்சு. 2020-ல் 6,940 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் வந்து, 2024-ல்தான் ஆந்திராவின் காக்கிநாடா பக்கம் மறுபடி ஆரம்பிச்சிருக்கு.

வரவேற்போம். ஆனா ஆலையோட கழிவும் சேர்ந்துதானே வரும்? ஐதராபாத் அருகே பட்டான்செருவில், மருந்து ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரிச்சு வெளியே விட்ட தண்ணியிலேயே லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை 2007-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டாங்க. மாத்திரை சாப்பிட்டவர் ரத்தத்துல இருக்குறதைவிட அதிகம்! அதுல பிழைச்சு வர்ற கிருமியை அப்புறம் எந்த மாத்திரை கொல்லும்?

பிடி, வாங்குறவங்க கையில இருக்கு. 1994-ல் தொடங்குன தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு டெண்டர் விட்டு மொத்தமா மருந்து வாங்குது. மூலப்பொருள் எங்கிருந்து, மாற்று சப்ளையர் யாரு, கழிவுநீரை என்ன பண்றீங்க? விலையோட சேர்த்து இதுக்கும் மதிப்பெண் வேணும். மாத்திரைக்குச் சில பைசா கூடுமா? கூடட்டும்.

#மருந்துத்_தற்சார்பு