கூரை மின்சாரம்: ‘இலவசம்’ யாருக்கு?

புது தில்லி: வெயிலை வேலை வாங்கும் வித்தை சித்தூர், திருப்பதி மாவட்டங்களுக்குப் புதிதல்ல. திருமலையில் நாளொன்றுக்கு 15,000 பேருக்குச் சூரிய வெப்ப நீராவியில் சமைக்கும் கூடம் 2002-லேயே அமைந்துவிட்டது. இப்போது அதே வெயில் வீட்டுக் கூரைகளில் மின்சாரமாகிறது. ஆனால் அதன் பலன் யாருக்கு எவ்வளவு சேருகிறது என்பது விவாதிக்கப்பட வேண்டிய ஒன்று.

பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. ஒதுக்கீடு ரூ.75,021 கோடி, இலக்கு 2026-27-க்குள் ஒரு கோடி வீடுகள். மாதம் 300 யூனிட் வரை இலவசம் என்பது முழக்கம். முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா ரூ.30,000, மூன்றாவதற்கு ரூ.18,000 என அதிகபட்சம் ரூ.78,000 மானியம்.

முழக்கத்தை நம்பி விண்ணப்பிக்கும் வீட்டுக்காரர் சிலவற்றை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். மூன்று கிலோவாட்டுக்கு அரசு கணக்கிட்ட அடிப்படை விலையே ரூ.1,45,000. மானியம் போக ரூ.67,000 அவருடைய பொறுப்பு. மானியமும் தகடுகள் பொருத்தப்பட்டு, இருவழி மீட்டர் வைக்கப்பட்டு, மின் விநியோக நிறுவனம் சரிபார்த்த பிறகே வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை கைப்பணமோ கடனோதான். உள்நாட்டில் தயாரான தகடுகளுக்கே மானியம் உண்டு. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலற்ற கூரை தேவை. மின்கலம் இல்லாத அமைப்பு, ஊரில் மின்தடை ஏற்படும்போது தானும் நின்றுவிடும்; கம்பியில் பணிபுரியும் ஊழியரின் உயிர்ப் பாதுகாப்புக்கான ஏற்பாடு அது. இதை முன்னரே சொல்லாத விற்பனையாளரிடம் எச்சரிக்கை தேவை.

நடைமுறை எளிதாக்கப்பட்டிருப்பதை மறுப்பதற்கில்லை. 2024-ல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பங்களுக்குச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை.

உண்மையான சிக்கல் கட்டணத்தில் இருக்கிறது. ஆந்திரத்தின் 2022-23 கட்டண அட்டவணைப்படி வீடுகளுக்கு முதல் 30 யூனிட்டுக்குத் தலா ரூ.1.90, 400-ஐத் தாண்டினால் ரூ.9.75. இதர கட்டணங்களை விடுத்துப் பார்த்தால், மாதம் 400 யூனிட் செலவிடும் வீடு சுமார் ரூ.2,550 செலுத்தும். மூன்று கிலோவாட் அமைப்பு மாதம் ஏறத்தாழ 360 யூனிட் தரும் என்பதால், அவ்வீட்டில் போட்ட ரூ.67,000 இரண்டேகால் ஆண்டுகளில் திரும்பிவிடும். மாதம் 75 யூனிட் செலவிடும் வீட்டின் கட்டணமோ ரூ.192 மட்டுமே. அங்கு ஒரு கிலோவாட்டுக்கு மானியம் போக ரூ.20,000 போட்டால், உபரி மின்சாரத்துக்குக் கிடைப்பதைத் தவிர்த்து, முதல் மீள எட்டரை ஆண்டுகளுக்கு மேலாகும். குளிர்சாதனப் பெட்டி ஓடும் வீட்டுக்கு லாபம். மின்விசிறி ஓடும் வீட்டுக்குக் காத்திருப்பு. ஒரு கிலோவாட்டுக்கு இருவருக்கும் ஒரே மானியம் என்பது பார்வைக்குச் சமத்துவம், விளைவில் ஏற்றத்தாழ்வு.

முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் தொகுதியான, சித்தூர் மாவட்டத்துக் குப்பத்தில் 2025 ஜனவரியில் முன்னோடித் திட்டம் தொடங்கியது. தாழ்த்தப்பட்ட, பழங்குடியின வீடுகளுக்கு இரண்டு கிலோவாட் வரை இலவசம், பிற்படுத்தப்பட்டோருக்கு ரூ.20,000 கூடுதல் மானியம் என மாநில அரசு அறிவித்தது பாராட்டுக்குரியது. ஆனால் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 200 யூனிட் வரை ஏற்கெனவே இலவசம். அவர்களது கூரையில் உற்பத்தியாகும் மின்சாரத்தால் முதலில் குறைவது அரசின் மானியச் சுமையே. அப்படியானால் தகடு யாருடைய சொத்து, உபரி மின்சாரத்தின் பணம் யாருக்கு, பழுதானால் யார் பொறுப்பு என்பவற்றைத் தெலுங்கிலும், நகரி, புத்தூர், சத்தியவேடு பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்குத் தமிழிலும் எழுத்துப்பூர்வமாகத் தருவதே முறை. திருப்பதியில் தலைமையகம் கொண்ட தெற்கு மின் விநியோக நிறுவனத்துக்கு இது பெரிய வேலையல்ல.

2022-க்குள் கூரைகளில் 40,000 மெகாவாட் என்ற முந்தைய இலக்கு தவறிப்போனது. இத்திட்டத்திலும் 2025 மார்ச்சில் எட்டப்பட்டது சுமார் 10 லட்சம் வீடுகளே. எண்ணிக்கையை மட்டும் துரத்தினால் வசதி படைத்தோரின் கூரைகளே முதலில் நிரம்பும். எத்தனை வீடுகள் என்பதோடு, அவை எந்தக் கட்டண அடுக்கைச் சேர்ந்தவை என்ற விவரத்தையும் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். குறைவாகச் செலவிடும் வீட்டுக்குக் கூடுதல் மானியம் என்று விதியைத் திருத்துவது அதன் அடுத்த படி. அதுவரை ‘இலவசம்’ என்ற சொல்லைத் திட்டத்தின் பெயரிலிருந்து நீக்கிவிடுவதே நேர்மை.