நின்ற லோரிக்கு யார் கூலி தருவது?

தோட்டத்துப் பாட்டாளிகளுக்குப் புகை புதிதல்ல. ரப்பர் ஷீட்டைக் காய வைத்த புகைவீட்டுப் புகை, செம்பனை ஆலைப் புகை, லயத்து வாசலில் கரும்புகை கக்கிக்கொண்டு ஓடிய பழ லோரியின் புகை எல்லாவற்றையும் நெஞ்சு நிறையக் குடித்து வளர்ந்தவர்கள்தாம் நாம். இப்போது புகை விடாத லோரி வந்திருக்கிறது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் குளுவாங், லாபிஸ், கோத்தா திங்கி வட்டாரத்தில் பழ லோரி ஓட்டும் தோழர்களிடம் பேசினால், "புகை போச்சுண்ணே, அதோட என் டிரிப்பும் போச்சு" என்ற பேச்சுத்தான் வருகிறது. இது ஏன் என்று பார்ப்போம்.

புது டீசல் லோரியின் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி உண்டு. இயந்திரம் கக்கும் கரித்தூளை அது பிடித்து வைக்கும். கரி நிறைந்தால் அடைப்புத்தானே? ஆகவே அதை உள்ளுக்குள்ளேயே எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டியிருக்கிறது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும் லோரிக்கு ஓடுகிற ஓட்டத்திலேயே இந்தக் காரியம் முடிந்துவிடும். ஓட்டுநருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

நம் பழ லோரியின் ஓட்டம் அப்படிப்பட்டதா? செம்மண் பாதையில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்து, குலை கிடக்கும் இடமெல்லாம் நின்று, பிறகு ஆலை நிறுவையில் வரிசை பிடித்து, இயந்திரத்தை அணைக்காமல் காத்துக் கிடக்கிற ஓட்டம். இதில் சூடு எங்கிருந்து ஏறும்? கரி சேருகிறது, விளக்கு எரிகிறது. லோரியை ஓரங்கட்டி, பொத்தானை அமுக்கி, அது எரிந்து முடியும் வரை 20 நிமிடம், அரை மணி என்று காத்திருக்க வேண்டும். "கடைசி டிரிப் முடியட்டும்" என்று விளக்கைப் பார்க்காதவர்போல ஓட்டினால், லோரி தானாகவே சக்தியைக் குறைத்துக்கொண்டு ஆமையாகிவிடும். அப்புறம் பட்டறைதான்.

சில லோரிகளில் இன்னொரு தொட்டியும் உண்டு. அதில் ஊற்றுவது 'ஆட்புளூ' என்கிற யூரியா நீர். நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர். புகையில் உள்ள நச்சான நைட்ரஜன் வாயுவை அது தீங்கற்ற நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றும். அது தீர்ந்தாலும் லோரி முரண்டு பிடிக்கும். "நம்ம ஸ்டோர்ல மூட்டை மூட்டையா யூரியா கெடக்குதே, கரைச்சு ஊத்துனா என்ன?" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உரத்துக்குச் செய்த யூரியாவில் கலப்பு அதிகம். அது ஊசித் துவாரத்தை அடைத்து, விலை உயர்ந்த பாகத்தைக் கெடுத்துவிடும். அப்போது பழி ஓட்டுநர் தலையில்தான் விழும்.

2021 அக்டோபரில் சீனா யூரியா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. தென்கொரியாவில் லோரிக்காரர்கள் இந்த நீருக்காக வரிசையில் நின்றார்கள். அரசாங்கம் ராணுவ விமானம் அனுப்பி ஆஸ்திரேலியாவிலிருந்து வாங்கி வர வேண்டிய நிலை. ஆகவே இது ஒரு தோட்டத்துப் பட்டறையின் சிறு தொல்லை மட்டுமல்ல, உலகத்துச் சிக்கல்.

இந்த வகை லோரிக்குக் கந்தகம் குறைந்த டீசல் வேண்டும். யூரோ 5 டீசல் மலேசியாவில் முதலில் விற்பனைக்கு வந்ததே நம் ஜொகூரில்தான், 2014 அக்டோபரில். 2021 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் அதுவே சட்டமானது. முன்பு பத்து லட்சத்தில் 500 பங்கு இருந்த கந்தகம் 10 பங்குக்கு இறங்கியது. 2019-இல் வந்த பி10 டீசலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து செய்தது. நாம் வெட்டி ஏற்றிய பழமே லோரிக்குத் தீனியாகிறது! பெருமைதான். ஆனால் ஒரு எச்சரிக்கையும் உண்டு. வடிகட்டியைச் சூடேற்ற இயந்திரம் கூடுதல் டீசலைப் பீய்ச்சும்போது, கொஞ்சம் கசிந்து இயந்திர எண்ணெயோடு கலக்கும். சாதாரண டீசலாவது ஆவியாகிப் போகும், செம்பனைப் பங்கு அவ்வளவு சுலபத்தில் போகாது. எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பார்க்கும்போது மட்டம் ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். உடனே போர்மனிடம் சொல்லுங்கள்.

இப்போது கூலிக் கணக்குக்கு வருவோம். பழ லோரி ஓட்டுநருக்குப் பல இடங்களில் டிரிப் கணக்கு, இல்லாவிட்டால் டன் கணக்கு. லோரி நின்றால் அவர் வருமானம் நிற்கிறது. பழமும் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கும். கடைசியில் வெட்டுக்காரரையும் உதிரிப் பழம் பொறுக்கும் பெண்களையும் மண்டோர் அதட்டுவார். காற்று சுத்தமாக வேண்டும் என்று சட்டம் போட்டது அரசாங்கம், லோரி வாங்கியது முதலாளி, நட்டம் மட்டும் தொழிலாளிக்கா? இது எந்த ஊர் நியாயம்?

சட்டம் நமக்கு முற்றிலும் எதிராக இல்லை. 2025 பிப்ரவரி 1 முதல் வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் டிரிப்புக்கும் டன்னுக்கும் வேலை செய்கிறவருக்கும் சேர்த்துத்தான். லோரி எத்தனை நாள் பட்டறையில் கிடந்தது என்ற சாக்கு அதற்குச் செல்லாது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, சட்டம் அனுமதிக்காத எந்தப் பிடித்தமும் சம்பளத்தில் கூடாது என்கிறது. வடிகட்டி கழுவிய செலவென்று சம்பளச் சீட்டில் ஒரு வரி வந்தால், அந்தச் சீட்டைக் கிழித்துப் போடாமல் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள்.

குறுக்கு வழி ஒன்றும் காதில் விழுகிறது. வடிகட்டியின் வயிற்றைக் குடைந்து எடுத்துவிட்டு, கணினியை ஏமாற்றி ஓட்டுவது. செலவு குறையும் என்பார்கள். அந்த வேலைக்கு உடந்தையாகாதீர்கள். 1996-ஆம் ஆண்டு டீசல் புகை விதிகளின்படி, புகையின் கருமை 50 அளவைத் தாண்டக்கூடாது. சுற்றுச்சூழல் இலாகா சாலையில் நிறுத்தும்போது வண்டியில் உட்கார்ந்திருப்பவர் முதலாளி அல்ல, நீங்கள். அதைவிடப் பெரியது உயிர். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் உறுதிப்படுத்தியது. அந்தப் புகையை முதலில் குடிப்பவர் ஓட்டுநர், அடுத்தது லயத்து வாசலில் விளையாடும் நம் பிள்ளைகள்.

ஆகவே புது லோரி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதற்கான செலவு உரியவர் கணக்கில் எழுதப்பட வேண்டும் என்கிறோம். வடிகட்டி எரியும் நேரமும் பட்டறை நேரமும் கூலி நேரமாகட்டும். ஆட்புளூ ஸ்டோரில் எப்போதும் இருக்கட்டும். விளக்கு எரிந்தால் என்ன செய்வது என்பதைத் தமிழிலும் மலாயிலும், கூட வேலை செய்யும் வங்காளதேசத் தோழருக்கு அவர் மொழியிலும் சொல்லிக் கொடுக்கட்டும். காய்ந்த மட்டைக்கும் லாலான் புல்லுக்கும் எட்டத்தில், வடிகட்டி எரிக்க ஒரு கல் தரையை ஒதுக்கட்டும். அந்தச் சூட்டில் தீப்பிடிக்க வெகு நேரம் ஆகாது.

ஓட்டுநர் தோழர்களே, ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். விளக்கு எரிந்த தேதி, நேரம், லோரி எவ்வளவு நேரம் நின்றது, யாரிடம் சொன்னீர்கள் என்பதை அன்றன்றே எழுதுங்கள். ஆபிசில் கிராணி கணக்குக் காட்டும்போது நம் கையிலும் ஒரு கணக்கு இருக்க வேண்டும். ஒருவர் நோட்டை மேசையில் வைத்தால் முணுமுணுப்பு என்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து வைத்தால் பேசித்தான் தீர வேண்டும்.